நங்கூரத்துறையில் வலி வழிமாறிய காலம்

மீனலோசனி நங்கூரத்துறையில் பேருந்தை விட்டு இறங்கியபோது, நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மீன்காரர் வலது கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "கீழ்வரிசை, கடைசிப் பல்லு, சூடு பட்டா சுண்டி இழுக்கு, யாருதுய்யா இது, சீக்கிரம் வாங்க" என்று தெருவைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தார். அதை யாரும் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. டீக்கடைக்குள்ளிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கையில் கிளாஸோடு ஓடிவந்து, "என்னுதுதான், மன்னிச்சுக்கிடுங்க, இப்பத்தான் ஒரு வாய் குடிச்சேன்" என்று சொல்லி, கடைக்காரர் கொடுத்த கிராம்பை வாயில் அடக்கிக்கொள்ள, மீன்காரரின் முகம் தெளிந்தது, அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார், வாத்தியார் மிச்ச டீயை ஆற வைத்தார்.

லோசனிக்குக் கேட்க நேரமில்லை. சென்னையிலிருந்து அவளை அனுப்பியிருந்தது ஒரு கம்ப்யூட்டரைச் சரிசெய்வதற்காக. ஊரின் மேட்டில், தூண்களின் மேல் கட்டிய கான்கிரீட் கட்டடம்தான் எச்சரிக்கை நிலையம், புயல் வந்தால் ஊருக்கே அதுதான் புகலிடம். அங்கே ஒரே கம்ப்யூட்டர் இரண்டு வேலை பார்த்தது. புயல் என்றால் சைரனை ஊத வேண்டும். கடல்நீர் வாய்க்கால் வழியாகப் பள்ளத்தெருவுக்குள் ஏறினால் பம்பை ஓட்டி வெளியே தள்ள வேண்டும். பழைய பம்பை மாற்றிப் புதியதைப் போட்டு, அதற்கென ஒரு கார்டையும் செருகி, கம்ப்யூட்டரின் அமைப்பையும் புதுப்பித்த நாளிலிருந்து எல்லாம் தாறுமாறாகிவிட்டது. நீர் ஏறினால் பம்பு சும்மா கிடந்தது, சைரன் அலறியது. ஊர் மொத்தமும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடிவந்து, தெளிந்த வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய், முழங்கால் தண்ணீரில் பாத்திரம் பொறுக்கியது. இப்போதெல்லாம் சைரன் கேட்டால் யாரும் ஓடுவதுகூட இல்லை. மழைக்காலம் தொடங்கிவிட்டிருந்தது.

நிலையத்தைப் பார்த்துக்கொண்ட சேசுராசன் ஐம்பது வயதுக்காரர், பெஞ்சாதி இல்லாதவர், பேச்சு குறைவு. சாவியைக் கொடுத்தபடியே, பேருந்து நேரம் சொல்வதுபோல, "இன்னொண்ணும் இருக்கும்மா" என்றார். "புதுக் கார்டு போட்ட வாரத்துலேர்ந்து ஊருக்குள்ள ஒருத்தர் வலி இன்னொருத்தருக்குப் போவுது. பசி, தாகம், அரிப்பு எல்லாம் அப்படித்தான். உங்களுக்கும் வரும். வந்தா பயப்படாதிய. யாருதுன்னு கேளுங்க."

"டாக்டருங்க வந்து பாத்தாங்களா?"

"வந்தாவ. ஒரு டாக்டருக்குத் தலைவலி வந்துச்சு. யாருதுன்னு தேடிக் கண்டுபிடிச்சுட்டுப் போயிட்டாவ."

லோசனி சிரிக்க நினைத்தாள். அதற்குள் அவள் தொண்டை காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. சேசுராசன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, உப்பளத்திலிருந்து தலைச்சுமையோடு வந்த பெண்ணிடம், "ஏ அன்னம்மா, தண்ணி குடிச்சிட்டுப் போ, இந்தம்மாவுக்குத் தொண்டை வறளுது" என்றார். அந்தப் பெண் குழாயடியில் குனிந்து குடிக்கக் குடிக்க லோசனியின் தொண்டை நனைந்தது. அதன் பிறகு அவள் யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை.

ஊர் இதைப் பழகிக்கொண்டிருந்த விதம் இப்படி. முதல் வாரம் எல்லோரும் கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும், கல்குகைக்குள் சிலை நிற்கும் மாதா கெபிக்கும் ஓடினார்கள். இரண்டாவது வாரம் சண்டை போட்டார்கள். பிறகு வேலையைப் பார்க்க வேண்டியிருந்ததால் வழிமுறைகளை உண்டாக்கிக்கொண்டார்கள். வலி வந்தவர் தெரு முக்கில் நின்று எந்த இடம், எப்படிப்பட்ட வலி என்று உரக்கச் சொல்ல வேண்டும், கேட்டவர்கள் தங்கள் உடம்பைத் தடவிப் பார்க்க வேண்டும், வீக்கமோ வெட்டோ இருந்தால் ஒப்புக்கொள்ள வேண்டும். சொத்துத் தகராறில் பேச்சை முறித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளில் அண்ணனின் பசி தம்பிக்குப் போக, தம்பி வேளாவேளைக்கு வேலிக்கு அப்பால் நின்று "அந்த ஆளைத் திங்கச் சொல்லுங்க" என்று பொதுவில் கத்தினான். ஒரு குடிகாரரின் தலைச்சுற்றல் பங்குச்சாமியாருக்குப் போனது, அவர் பூசை நடுவில் பீடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அந்தக் குடிகாரர் வெட்கப்பட்டுக் குடியைக் குறைத்தார், முழுக்க விடவில்லை. அடிப்பது நின்றுபோனது. பிள்ளையை அடித்தால் எவர் துடிப்பாரோ என்று வாத்தியார்கள் பிரம்பை வைத்துவிட்டார்கள். பெண்டாட்டியை அறைந்த ஒருவனைத் தேடி, கன்னம் எரிய எரிய நகரசபைத் தலைவரே வந்து கதவைத் தட்டினார். நல்லது என்றார்கள் சிலர். தன் உடம்பில் எது தன்னுடையது என்று தெரியாமல் எப்படி வாழ்வது என்றார்கள் சிலர். ஆனால் எல்லோருக்கும் ஒரு பயம் பொதுவாக இருந்தது, அந்தப் பயத்தின் பெயர் சந்தியாகு.

சந்தியாகு வலை பின்னுகிறவர். அவருடைய நெஞ்சுவலி ஆட்டோ ஓட்டும் ரிச்சர்டுக்குப் போனது. ரிச்சர்டுக்கு அன்று நல்ல சவாரி. வாயுப்பிடிப்பாக இருக்கும் என்று சோடா குடித்தான், பிறகு யாருடையதோ, அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டான். மாலையில் வலி சட்டென்று நின்றது. நிம்மதியாக இருந்தது என்று அவனே பிறகு சொன்னான். சந்தியாகு வலையை மடியில் போட்டபடி உட்கார்ந்த இடத்திலேயே இறந்திருந்தார், உடம்பில் ஒரு நோவும் அறியாமல், கண் திறந்தபடி. அன்றிலிருந்து ஊருக்குத் தெரிந்தது, கேட்பாரில்லாத வலி கொஞ்ச நேரம்தான் தட்டிக்கொண்டிருக்கும், பிறகு யாருக்கும் வராது. ரிச்சர்டு இப்போது கொசு கடித்தால்கூட முக்கில் நின்று கூவுகிறான்.

லோசனி கம்ப்யூட்டரைத் திறந்தாள். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்து ஆளும் நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். வெளியே செருகிய ஒவ்வொரு கார்டின் பாஷையும் கெர்னலுக்குத் தெரியாது, அதனால் ஒவ்வொன்றுக்கும் டிரைவர் என்று ஒரு துபாஷி நிரல் உண்டு. கார்டுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தன் பாதையில் தட்டும். கெர்னல் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, அந்தப் பாதைக்குரிய டிரைவரை எழுப்பி, "பார், கூப்பிடுகிறார்கள்" என்று சொல்லும். இந்த இயந்திரத்தில் சைரன் கார்டும் பம்பு கார்டும் ஒரே பாதையில் தட்டின. லோசனி கார்டுகளை இடம் மாற்றிச் செருகிப் பார்த்தாள், எந்தத் துளையில் செருகினாலும் அதே பாதை. சைரன் டிரைவரை எடுத்துவிட்டுப் பார்த்தாள். பம்பு ஓடத் தொடங்கியது, சேசுராசன் கை தட்டினார், அவர் கை கீழே இறங்குவதற்குள் பம்பு நின்றது. திரையில் கெர்னல் ஒரு வரி எழுதியிருந்தது. இந்தப் பாதையில் வரும் தட்டலை யாரும் கண்டுகொள்ளவில்லை, ஆகவே பாதையை மூடுகிறேன் என்று அதற்கு அர்த்தம்.

வேலை செய்யும் இடத்தில் எத்தனையோ முறை அந்த வரியைப் பார்த்திருக்கிறாள். சைரன் கார்டு தட்டியிருக்கிறது, அதற்கு டிரைவர் இல்லை, ஓயாத தட்டலில் கெர்னல் வெறுத்துப்போய் பாதையையே அடைத்துவிட்டது, கூடவே பம்பும் போயிற்று. சாதாரண விஷயம். ஆனால் இங்கே உட்கார்ந்து அதைப் படித்தபோது அவளுக்குக் கை குளிர்ந்தது. அந்தக் குளிர் தன்னுடையதா என்று ஒரு கணம் யோசித்து, தன்னுடையதுதான் என்று முடிவு செய்து, சைரன் டிரைவரைத் திரும்ப ஏற்றி வைத்தாள்.

புயல் வரும் செய்தி ரேடியோவில் வந்த அன்று காலையிலேயே கடல் நிறம் மாறியிருந்தது. மதியத்துக்குள் பள்ளத்தெரு வாய்க்கால் பின்னோக்கி ஓடத் தொடங்கிவிட்டது. சைரன் அலறியது, யாரும் அசையவில்லை, சேசுராசன் சைக்கிளில் போய் வீடுவீடாகக் கத்தி, "இது நெசம், இது நெசம்" என்று சொல்லி மக்களை மேட்டுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. லோசனி சைரன் டிரைவரின் நிரலை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தபோது அவள் இடுப்பின் பின்புறத்தில் ஏதோ பிடித்து, முன்னே சுற்றிவந்து, அடிவயிற்றை ஒரு துணியைப் பிழிவதுபோலப் பிழிந்துவிட்டு விட்டது. காலையில் தின்ற பரோட்டா என்று நினைத்தாள். மறுபடி வந்தது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி வந்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை பெற்றவளில்லை அவள், ஆனாலும் தெரிந்துவிட்டது.

எவளோ ஒருத்திக்குப் பிரசவ வலி, அவளுக்கு அது தெரியாது. அவள் தண்ணீரில் நின்று அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டிருக்கலாம்.

இருக்கையை விட்டு எழுந்தால் பம்பை ஓடவைக்க முடியாது, பள்ளத்தெரு போகும். எழாவிட்டால் இந்த வலி கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடும். லோசனி திரையையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்தாள், அவள் நெஞ்சு அடித்த அடியில் எது யாருடையது என்று பிரித்தறிய முடியவில்லை, பிறகு எழுந்து ஓடினாள். சென்னையில் அடுத்த வீட்டுக்காரரிடம்கூடக் குரல் உயர்த்திப் பேசாதவள், மேட்டுச்சரிவில் மூட்டை முடிச்சோடு ஏறிவரும் கூட்டத்தின் நடுவே மழையில் நின்று, "இடுப்புலேர்ந்து வயித்துக்கு வருது! விட்டு விட்டு வருது! யாருது? யாருதுங்க இது?" என்று கத்தினாள்.

கூட்டம் நின்றது. ஆண்கள் ஒதுங்கினார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வுபெற்ற வியாகுலம் நர்ஸ் குடையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து, "எத்தனை கர்ப்பிணி இருக்கியளோ எல்லாரும் முன்னால வாங்க, வெக்கப்படாதிய" என்றார். வந்தவர்களின் வயிற்றில் ஒவ்வொன்றாகக் கை வைத்து, லோசனியைப் பார்த்து, "வரும்போது சொல்லு தாயி" என்றார்.

"இப்ப. இப்ப வருது."

நர்ஸின் கை ஒரு வயிற்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. எதுவும் இறுகவில்லை. "வேற யாரு? யாரு இன்னும் ஏறி வரலை?"

"டெல்பினா" என்றார் ஒருவர். "அவளுக்கு இன்னும் மாசம் இருக்கே. புருசன் கடலுக்குப் போயிருக்கான், படகு பக்கத்துத் துறையில ஒதுங்கிட்டுன்னு தகவல். அவ வீட்டுல சாமானைப் பரண்ல ஏத்திக்கிட்டு இருந்தா."

ரிச்சர்டுதான் ஓடினான். ஆட்டோ போகாத தண்ணீருக்குள் இறங்கி, திரும்பி வரும்போது டெல்பினாவைத் தோளோடு அணைத்து நடத்திக்கொண்டு வந்தான். அவள் ஒரு கையில் ஸ்டவ்வையும் விடாமல் பிடித்திருந்தாள். "எனக்கு ஒண்ணும் செய்யலியே நர்ஸம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். அவள் கால் வழியே இறங்கியது மழைத்தண்ணீர் இல்லை என்பதை நர்ஸ் பார்த்து, அவள் வயிற்றில் கை வைத்தார். அடுத்த வலி லோசனியை முழங்காலிடச் செய்தபோது டெல்பினாவின் வயிறு நர்ஸின் உள்ளங்கைக்குக் கீழே கல்லாக இறுகியது. டெல்பினா தன் வயிற்றை வேறொருத்தியின் வயிற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு லோசனியைப் பார்த்து, "ரொம்ப வலிக்குதாக்கா?" என்று கேட்டாள்.

"தாங்கலாம்" என்றாள் லோசனி. பொய் சொன்னாள்.

கம்ப்யூட்டர் அறையிலேயே பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு டெல்பினாவைப் படுக்க வைத்தார்கள். நர்ஸுக்கு லோசனி வேண்டும், பம்புக்கும் லோசனி வேண்டும், அவளையும் டெல்பினாவையும் பிரிக்க வழியில்லை. பெண்கள் சேலைகளைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். கூடத்தில் ஊர் முழுக்க ஈரத்தோடு உட்கார்ந்திருந்தது. அலை கடலோரக் கற்சுவரைத் தாண்டி விழும் சத்தம் கேட்டது. சேசுராசன் ஜன்னலிலிருந்து, "முதல் வீட்டு வாசப்படி முங்கிட்டு" என்றார், பிறகு, "மாதா கெபியில ஏறிட்டு" என்றார்.

லோசனி படித்தாள். "இப்ப" என்பாள், மறைப்புக்குப் பின்னாலிருந்து நர்ஸ், "மூச்சை இழு டெல்பினா" என்பார், டெல்பினா அறியாத வலிக்கு அடங்கி மூச்சை இழுப்பாள், லோசனி பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போவாள். எழுதியவன் யாரோ, அந்தக் காலத்தில் அந்தப் பாதையில் சைரன் ஒன்றே இருந்தது, ஆகவே கூப்பிட்டது யார் என்று பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. பாதையில் எந்தத் தட்டல் கேட்டாலும் சைரன் டிரைவர், "என்னுதுதான்" என்று சொல்லி எடுத்துக்கொண்டு ஊதியது. பம்பு தன் தொண்டை வறளத் தட்டிக்கொண்டிருக்க, வேலையை முடித்துவிட்டேன் என்று அது கெர்னலிடம் சொல்லிக்கொண்டிருந்தது. லோசனி கண்களை மூடித் திறந்தாள். எழுத வேண்டியது சில வரிகள்தான். முதலில் உன் கார்டைப் பார். அது கூப்பிட்டிருந்தால் ஊது. இல்லையென்றால் என்னுதில்லை என்று சொல், கெர்னல் அடுத்தவரைக் கேட்கும்.

"இப்ப. அம்மா. இப்ப."

வலியோடு தட்டியதில் ஒரு எழுத்துத் தப்பி, நிரல் ஏற மறுத்தது. திருத்தினாள். பழைய டிரைவரை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றும் அந்த இடைவெளியில் சைரன் அடங்கியது, அவ்வளவு நேரம் அலறியது அடங்கியதும் ஊரே பேச்சை நிறுத்திவிட்டது, காற்று மட்டும் கேட்டது. இந்த இடைவெளியில் கெர்னல் வெறுத்துப்போய்ப் பாதையை மூடிவிட்டால் சைரனும் இல்லை, பம்பும் இல்லை. அவள் ஏற்றினாள். திரையில் எழுத்து ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தரைக்குக் கீழே எங்கோ ஒரு பெரிய மாடு எழுந்திருப்பதுபோலப் பம்பு உறுமிக்கொண்டு எழுந்தது.

"ஓடுது!" என்று சேசுராசன் கத்தினார். "வெளிய தள்ளுதும்மா, தள்ளுது!"

கூடம் ஆர்ப்பரித்தது. உடனே அடங்கியது. எல்லோருக்கும் ஒரே யோசனை. இயந்திரம் சரியானால் உடம்பும் சரியாகியிருக்குமே. அம்மாக்கள் பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஆண்கள் தங்கள் கையைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். சேசுராசன் மெல்லத் தன் முழங்கையை அழுத்திக் கிள்ளினார்.

"எவம்ல கிள்ளுனது?" என்று கூடத்தின் கோடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

ஆக, பம்பு வேறு, ஊர் வேறு. சிலர் சிரித்தார்கள், சிலர் பெருமூச்சு விட்டார்கள். லோசனிக்கு இரண்டுக்கும் நேரமில்லை, அடுத்த வலி அவளை நாற்காலியிலிருந்து தரைக்கு இறக்கிவிட்டது. அவள் ஊர்ந்து மறைப்புக்குள் போய் டெல்பினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இடைவெளி இப்போது இல்லை. வலி ஒன்றின் முதுகில் ஒன்றாக ஏறி வந்தது. தன்னுடையதல்லாத ஒன்று தன் எலும்பை விரித்துக்கொண்டு கீழே இறங்க, "முக்கு, இப்ப முக்கு, விடாத, இப்ப விடு" என்று லோசனி அழுதபடி சொல்லச் சொல்ல, டெல்பினா வலியில்லாத முகத்தோடு, கண்ணை அவள் உதட்டிலிருந்து எடுக்காமல், சொன்னபடி செய்தாள். ஒரு தடவை மட்டும் சொன்னாள், "எனக்குக் குடுத்துருங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்." கொடுக்க முடிந்தால் கொடுத்திருப்பாள். கொடுக்க மனமிருந்திருக்குமா என்று பிற்பாடு எத்தனை யோசித்தும் லோசனிக்குத் தெரியவில்லை.

பிள்ளை வந்தது. பெண்பிள்ளை. நர்ஸ் துடைத்தார், தலைகீழாகப் பிடித்தார், முதுகில் தட்டினார். அழவில்லை. வாயைச் சுத்தம் செய்தார், மறுபடி தட்டினார். பிள்ளையின் முகம் அமைதியாக, எதுவும் வேண்டாததுபோல இருந்தது. டெல்பினா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். லோசனி தன் உடம்பைத் தேடினாள், ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று, ஒன்றுமில்லை, அந்த உடம்பிலிருந்து எல்லாம் போய்விட்டிருந்தது. மறைப்புக்கு வெளியே ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் சந்தியாகுவின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

ஜன்னலோரம் நின்ற சேசுராசன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"குளிருது" என்றார். பற்கள் தந்தியடித்தன. "யப்பா… என்ன குளிரு இது. வெளிச்சம் கண்ணைக் குத்துது." பிறகு அந்த ஐம்பது வயது மனிதர் வாயைத் திறந்து, வெட்கமில்லாமல், நெஞ்சு விம்ம விம்ம, ஊர் இதுவரை கேட்டிராத சின்னக் குரலில் வீறிட்டு அழத் தொடங்கினார்.

முதலில் புரிந்துகொண்டது நர்ஸ்தான். "துணி! துணி குடுங்க! பிள்ளைக்குக் குளிருது!" கூடத்திலிருந்து காய்ந்ததும் ஈரமுமாகத் துண்டுகளும் சேலைகளும் பறந்துவந்தன. காய்ந்ததில் சுற்றினார்கள், சுற்றச் சுற்ற சேசுராசனின் நடுக்கம் குறைந்தது. அழுகை மட்டும் நிற்கவில்லை. அவர் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"பசிக்குது" என்றார், குழறிக்கொண்டே. "ஏ பிள்ளை டெல்பினா, பசிக்குதுட்டி."

டெல்பினா பிள்ளையை மார்போடு சேர்த்தாள். உறங்குவதுபோலிருந்த அந்த வாய் தேடிப் பற்றிக்கொண்டது. லோசனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாள். மறைப்புச் சேலையைப் பிடித்திருந்தவர்கள் கை சோர்ந்து இறக்கிவிட்டார்கள், ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சேசுராசனையே பார்த்தது. அவர் ஜன்னலடியில் காலை நீட்டி உட்கார்ந்து, கண்களை மூடி, ஒவ்வொரு மிடறுக்கும் தொண்டை அசைய, அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சாகி அடங்கினார். போதுமா என்று கேட்பதுபோல டெல்பினா அவரைப் பார்த்தாள்.

அவர் கண்ணைத் திறக்காமலே தலையசைத்தார். "இன்னுங் கொஞ்சம்" என்றார்.